பூஜை அலமாரியில் இருந்த நீல டப்பா

ஆறு மாதம் அந்த டப்பாவுக்கு நான் தினமும் குங்குமம் வைத்திருக்கிறேன். வெளிநாட்டு பிஸ்கட் வரும் வட்டமான தகர டப்பா. நீல நிறம். மூடியில் புகைபோக்கி வைத்த ஒரு வீடு, அதன் முன்னால் இரண்டு மரம். அந்த வீட்டின் வாசற்படியில் சரியாக ஒரு பொட்டு வைப்பேன். குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்புக் கயிறு கட்டியிருக்கும். கயிற்றில் ஒரு செம்பருத்தி, செடி பூக்காத நாளில் ஒரு துளசிக் கதிர். பெருமாள் படத்துக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் அதற்கு இடம். விளக்கேற்றினால் அந்த நீலத்தில் சுடர் தெரியும். பார்க்க அழகாக இருக்கிறதென்று நானே ஒரு தரம் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போது வலது கை மோதிர விரலைப் புடவையில் துடைத்துக்கொள்கிறேன். நாலு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அதில் ஏதோ பிசுக்கு ஒட்டியிருப்பது போலவே இருக்கிறது.

நான் அதிகம் படித்தவள் இல்லை. கல்கத்தாவில், டாக்குரியாவில் பன்னிரண்டாவது வரை படித்தேன். பிறகு டைப்ரைட்டிங், பிறகு ஆறு மாதம் கம்ப்யூட்டரில் கணக்கெழுதும் பயிற்சி. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு டல்ஹௌசிப் பக்கம் ஒரு லாரி கம்பெனியில் பதினெட்டு வருஷம் சம்பளப் பட்டியல் போட்டேன். முதலாளி போனதும் பிள்ளைகள் கம்பெனியை மூடிவிட்டார்கள். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. என் கணவர் மூச்சுத் தொந்தரவால் வேலையை முன்பே விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். பெண் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். இனி யார் என்னை வேலைக்கு எடுப்பார்கள்? சின்னக் கடைகளும் சின்னக் கம்பெனிகளும் தனியாக ஒரு கணக்கரை வைத்துக்கொள்ள முடியாது, அவர்களுக்கு வீட்டிலிருந்தே கணக்கெழுதிச் சம்பளப் பட்டியலும் போட்டுக் கொடுக்கலாம் என்று அவர்தான் யோசனை சொன்னார். லேக் கார்டன்ஸில் எங்கள் வாடகை வீட்டின் சாப்பாட்டு மேஜையில் பாதி எனக்கு ஆபீஸ் ஆனது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினோம். நூறு விசிட்டிங் கார்டு அடித்தோம். இரண்டு மாதம் தெருத் தெருவாக ஏறி இறங்கினேன். ஒரு மிட்டாய்க் கடைக்காரர் சந்தேஷ் கொடுத்து உட்கார வைத்துப் பேசிவிட்டு, கணக்கு மட்டும் தம்பி பார்க்கிறான் என்றார். வேறு யாரும் அதுகூடக் கொடுக்கவில்லை.

அப்போதுதான் செக்ரட்டரி மாமா கூப்பிட்டார். எங்கள் பஜனை சமாஜத்துக்கு அவர் பல வருஷமாகச் செயலாளர். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் செக்ரட்டரி மாமாதான். கார்டன் ரீச் பக்கத்து ஆபீஸ்களுக்கும் கேன்டீன்களுக்கும் பெருக்கித் துடைக்க, பாத்திரம் தேய்க்க ஆள் அனுப்பும் காண்ட்ராக்ட் அவருடையது. மெல்லிய குரல். ஸ்பிரிங் கம்பி போல மெலிந்த உடம்பு. கோபம் வந்து பார்த்ததில்லை. பஜனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தார்.

"என்னம்மா, தொழில் ஆரம்பிச்சிருக்கியாமே? ஊரெல்லாம் கார்டு கொடுத்திருக்கே, எனக்கு ஒண்ணு கொடுக்கலையே. நான் என்ன வேத்து மனுஷனா?"

பையிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தேன். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஜேபியில் போட்டுக்கொண்டார். "அறுபத்திரண்டு பேர் இருக்கா எங்கிட்ட. அவாளோட சம்பளத்த நீ போட்டுக் கொடு. மாசம் ஏழாயிரம் தரேன். வெளியாள்கிட்ட விட்டா கண்ட தப்பும் பண்றான். நம்ம மனுஷான்னா ராத்திரி தூக்கம் வரும் பாரு."

எழுத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவரிடம் போய் ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்பதா? அது அவரை அவமதிப்பது என்று நினைத்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பெருமாளுக்குப் பாயசம் பண்ணினேன்.

நம் வருஷப் பிறப்புக்கு மறுநாள் பொய்லா பொய்ஷாக், வங்காளிகளின் வருஷப் பிறப்பு. கடைக்காரர்களெல்லாம் சிவப்புத் துணி போட்ட புதுக் கணக்குப் புத்தகத்தைக் கோயிலுக்கு எடுத்துப்போய்ப் பூஜை போட்டு வாங்கும் நாள். அன்று காலையில் மாமா என் வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் சிவப்பு அட்டைப் பேரேடு, இன்னொரு கையில் அந்த நீல டப்பா. வேறு யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர், என் கையால் காபி வாங்கிக் குடித்தார். பேரேட்டில் நான் பிள்ளையார் சுழி போட்டேன். பிறகு டப்பாவை என் கணவரிடம் நீட்டினார்.

"இது உங்காத்துப் பூஜை ரூம்ல இருக்கட்டும். என் கம்பெனியோட உசிரே இதுக்குள்ளதான் இருக்கு. எங்க ஆபீஸ்ல எலித் தொல்லை. மாசா மாசம் எட்டாம் தேதி சூப்பர்வைசர் வந்து வாங்கிண்டு போவான், சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்து வெச்சுடுவான்."

கம்பெனி முத்திரை, சாவிகள், ஏதாவது முக்கியமான பத்திரம் என்று நினைத்துக்கொண்டேன். குலதெய்வத்துக்கு முடிந்த காசுகூட இருக்கலாம் என்று தோன்றியது. திறந்து பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் எண்ணம் வரவில்லை. ஒருவர் நம்பி வைத்துவிட்டுப் போனதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்றுதான் எங்கள் வீட்டில் வளர்த்திருக்கிறார்கள். பூஜை அறைக்குள் வந்துவிட்ட பொருள் வேறு. அதனால் பொட்டு வைத்தேன்.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், மிகவும் பிடித்திருந்தது. மாதக் கடைசியில் சூப்பர்வைசர் வருகைப் பதிவை அனுப்புவான். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே நாட்கள், சம்பளம், பி.எப். பிடித்தம், இ.எஸ்.ஐ. பிடித்தம், கைக்கு வரவேண்டியது என்று கட்டம் கட்டமாக நிரப்புவேன். ஏழாம் தேதி அவரவர் வங்கிக் கணக்கில் பணம் ஏறிவிடும். அரசாங்கம் சொன்ன கூலிக்கு ஒரு ரூபாய் குறையாது. அச்செடுத்த தாளை மேஜையில் தட்டி ஒழுங்காக்கி, ஓரமாகக் கிளிப் போடும்போது எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும். லாரி கம்பெனியில்கூட இத்தனை சுத்தமாகப் பட்டியல் போட்டதில்லை. மாமா மாதிரி ஒரு முதலாளி எத்தனை பேருக்குக் கிடைப்பார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

கண் இருந்தால் அப்போதே பார்த்திருக்கலாம். வருகைப் பதிவில் அத்தனை பேருக்கும் மாதம் இருபத்தாறு நாள். ஒருவரும் லீவு போட்டதில்லை. கைபேசி எண் எழுதும் கட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே எண். கேட்டதற்கு, "அவங்ககிட்ட போன் ஏது தீதீ, என் நம்பரையே போட்டுட்டேன்" என்றான் சூப்பர்வைசர். பெங்காலியில் அக்காவுக்குத் தீதீ. லாரி கம்பெனியில் பத்து ரூபாய் பிடித்தத்துக்கு டிரைவர்கள் என் மேஜையைச் சுற்றி நின்று சண்டை போடுவார்கள். இங்கே அறுபத்திரண்டு பேரில் ஒருவர்கூட ஒரு சந்தேகம் கேட்டதில்லை.

"உன் கம்பெனில வேலை பாக்கறவா எல்லாம் ரிஷி முனிவராடீ?" என்று கேட்டார் என் கணவர். "ஒருத்தருக்குக்கூட ஜுரம் வரலையே."

"மாமா அவாளை அப்படிப் பாத்துக்கறார்னா" என்றேன். இப்படித்தான் சொன்னேன். இந்த வாயால்.

எட்டாம் தேதி காலையில் சூப்பர்வைசர் வருவான். வாயில் எப்போதும் ஜர்தாப் புகையிலை. வாசலுக்கு வெளியிலேயே நிற்கச் சொல்லி, குளித்துவிட்டு மடியாக டப்பாவைக் கொண்டுவந்து கொடுப்பேன். சாயங்காலம் திரும்பி வந்ததும் அதன் மேல் தண்ணீர் தெளித்துத் துடைத்து, புதுப் பூ வைத்து, இருந்த இடத்திலேயே வைப்பேன்.

துர்க்கா பூஜைப் பந்தல்களுக்கு மூங்கில் கட்ட ஆரம்பித்திருந்த நேரம். ஏழாம் தேதி. அந்த மாதம் சம்பளத்தோடு பூஜை போனஸும் சேர்த்துப் பட்டியல் போட்டு, காலையில் எல்லார் கணக்கிலும் பணம் ஏறிவிட்டது. பகல் பன்னிரண்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் நின்றிருந்தாள். மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. நடு வகிட்டில் சிந்தூரம் வியர்வையில் கரைந்து நெற்றிக்கு இறங்கியிருந்தது. பஜ்பஜ் லோக்கல் ரயிலில் வந்ததாகச் சொன்னாள். அவள் பேசியது பெங்காலி. நினைவில் இருக்கிறபடி தமிழில் எழுதுகிறேன்.

"என்னைத் தெரியலையா தீதீ? மாம்பழம் கொண்டுவந்தேனே."

தெரிந்தது. கோடையில் மாமா ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பியிருந்தார். இவள்தான் சுமந்து வந்தாள். வாசலில் நிறுத்தி, தனியாக வைத்திருக்கும் டம்ளரில் தண்ணீர் கொடுத்தது நான்தான்.

"என் கார்டைக் குடு" என்றாள்.

"எந்தக் கார்டு?"

"தெரியாத மாதிரி கேக்காதே. பணம் எடுக்கிற கார்டு. நாளைக்கு எட்டாம் தேதி. அவன் எடுத்துட்டுப் போறதுக்குள்ள எனக்கு வேணும்."

வீடு மாறி வந்துவிட்டாய் என்றேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தாள். பூஜை அறைக் கதவு திறந்திருந்தது. கையை நீட்டிக் காட்டினாள். "அதோ இருக்கே, நீல டப்பா. மாம்பழம் கொண்டுவந்த அன்னிக்கே பார்த்தேன். பூ வெச்சிருந்தே. நான் போய்ச் சொன்னப்போ யாரும் நம்பலை. மாசா மாசம் ஏ.டி.எம். வாசல்ல சூப்பர்வைசர் அந்த டப்பாவைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு நிப்பான். ஒவ்வொரு கார்டா எடுத்து உள்ள விடுவான். பூராப் பணத்தையும் எடுத்துட்டு எங்க கையில ஏழாயிரம் குடுப்பான். அதுதான் சம்பளம்னு சொன்னான். அஞ்சு வருஷமா அதைத்தான் வாங்கிட்டிருக்கேன்."

ஏழாயிரம். அவள் பெயரைக் கேட்டேன். பட்டியலில் நாற்பத்தொன்றாம் வரிசை. ஆறு மாதமாக நான் அடித்துக்கொண்டிருந்த பெயர். அவள் கணக்கில் நான் ஏற்றியது பதினோராயிரத்துச் சொச்சம். மாதம் முழுக்கக் குனிந்து தரை துடைப்பவள் கைக்கு வந்ததும், மாதத்தில் நாலு நாள் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அதைப் பட்டியல் போட்ட என் கைக்கு வந்ததும் ஒரே தொகை.

அவளுடைய மகள் வங்கிக்குப் போய் அம்மாவின் கணக்குக்கு வீட்டுப் போன் எண்ணை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். அதனால்தான் அன்று காலையில் முதல்முறையாகச் செய்தி வந்திருக்கிறது: சம்பளம், அதோடு போனஸ் ஏழாயிரம். இந்த வருஷம் போனஸே கிடையாது என்று சூப்பர்வைசர் முதல் நாள்தான் சொல்லியிருந்தானாம். வங்கியில் போய் நின்றால் பாஸ்புக் கொண்டு வா, இல்லாவிட்டால் கார்டு கொண்டு வா என்கிறார்கள். இரண்டும் அவளிடம் இல்லை.

என் கணவர் எழுந்து வந்து நின்றார். நான் சொன்னதை மறைக்கப் போவதில்லை. "அடுத்தவா பொருளை நான் எப்படித் திறக்கறது?" என்றேன்.

"அடுத்தவங்க பொருள்தான்" என்றாள் அவள். "என்னோடது."

கயிற்றை அவிழ்க்க முடியவில்லை. என் கணவர் கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டினார். மூடியைத் திறந்ததும் ஜர்தா நாற்றம் அடித்தது. சாமி அறைக்குள், ஊதுவத்தி வாசனைக்கு நடுவில், அந்த எச்சில் நாற்றம். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாகக் கார்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரித் துண்டு. அதில் பேனாவால் நாலு எண். பலருடைய விரல் அழுக்கு ஏறிப் பிளாஸ்திரி கறுத்து, ஓரம் சுருண்டிருந்தது. மூடி இடுக்கு வழியாக நான் வைத்த குங்குமம் உள்ளே உதிர்ந்து கார்டுகளின் மேல் அப்பியிருந்தது. அடியில் மடித்து வைத்த தாள்களைப் பிரித்தேன். நான் அச்செடுத்த சம்பளப் பட்டியல்கள்தான். ஓரத்தில் என் கிளிப். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, நான் போட்ட தொகைக்குப் பக்கத்தில், வேறு கையெழுத்தில் இன்னொரு தொகை: எவ்வளவு பிடுங்குவது என்று. எந்தக் கார்டில் எத்தனை இருக்கும் என்று அவர்கள் தேட வேண்டியதே இல்லை. கட்டம் கட்டமாக, தப்பில்லாமல், நான் எழுதிக் கொடுத்திருந்தேன். குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் தன் கார்டைக் கண்டுபிடித்து, முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். அதை எப்படி உபயோகிப்பது என்று அவளுக்குத் தெரியாது. ஸ்டேஷன் பக்கத்து ஏ.டி.எம்.முக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். பணத்தை எண்ணி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

"மத்தவங்க?" என்று கேட்டாள்.

"நாளைக்குக் காலையில ஏழரை மணிக்கு வரச் சொல்லு. சூப்பர்வைசர் ஒன்பதுக்குத்தான் வருவான். அவங்கவங்க கார்டை அவங்கவங்ககிட்டயே கொடுத்துடறேன்."

"சத்தியமா?"

"பெருமாள் மேல சத்தியம்."

இத்தோடு நிறுத்தியிருந்தால் இதை எழுதவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் என் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. நம்பி வைத்தவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் டப்பாவைக் காலி பண்ணுவதா? அது திருட்டு மாதிரி ஆகாதா? முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் செய்வதுதான் தர்மம் என்று பட்டது. "ஒண்ணும் சொல்ல வேண்டாம், அப்பவே அந்தப் பொண்ணோட அனுப்பியிருக்கணும் எல்லாத்தையும்" என்றார் என் கணவர். நான் கேட்கவில்லை. மாமாவுக்குப் போன் செய்தேன்.

விளக்கேற்றும் நேரத்தில் வந்தார். எப்போதும் போலச் செருப்பை ஓரமாக விட்டு, உட்கார்ந்து, "ஒரு வாய் காபி கொடேம்மா" என்றார். கொடுத்தேன்.

"திறந்தியா?" என்றார்.

"திறந்தேன் மாமா."

"கேக்காம?" அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் தெரிந்தது. "நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கேம்மா. உன்ன நான் என்னவோன்னு நெனச்சிருந்தேன்."

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். டம்ளரை உயர்த்திக் குடித்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னார். "குறைஞ்ச ரேட்டுக்குத்தான் டெண்டர் கிடைக்கும். எடுத்துட்டு முழுச் சம்பளமும் கொடுத்தா நான் காவி கட்டிண்டு கிளம்ப வேண்டியதுதான். அறுபத்திரண்டு அடுப்பும் அணைஞ்சுடும். தேவலையா? ஊர் பூரா இப்படித்தான் நடக்கறது. அதுகளுக்கு ஏழாயிரமே ஜாஸ்தி."

"எங்காத்துப் பூஜை ரூம்ல எதுக்கு வெச்சேள்?"

"ஆபீஸ்ல வெச்சா எவனாவது அதிகாரி வந்து பீரோவத் தொறன்னுவான். இங்க யார் வந்து தொறக்கப் போறா?" என்று சிரித்தார். பிறகு, மறந்துபோன ஒன்றை ஞாபகப்படுத்துகிறவர் போல, "ராமநவமிக்கு ஐந்நூறு பேர் சாப்பிட்டாளே, நீயும்தான் ரெண்டாந்தரம் பாயசம் கேட்டு வாங்கிண்டே. அதெல்லாம் எங்கேர்ந்து வந்ததுன்னு நெனச்சே?" என்றார்.

அவர் எழுந்து குளியலறையில் கை கால் அலம்பிக்கொண்டார். பூஜை அறை வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு கையாலும், பிரசாதத் தட்டை எடுப்பது போல, டப்பாவை எடுத்தார். நான் கதவை மறித்து நின்றிருக்கலாம். மாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் பெண்ணுக்கு வரன் பார்க்க அந்தச் சமாஜத்தை விட்டால் எங்களுக்கு வேறு நாதி இல்லை என்பது அந்த நிமிஷத்தில் ஞாபகம் வந்தது. என் கணவருக்கு இருமல் வந்துவிட்டது. விலகி வழி விட்டேன். மாமா வாசலில் நின்று, "கணக்கு வேலைக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார்.

மறுநாள் ஏழரைக்குப் பதினொரு பெண்கள் வந்தார்கள். அத்தனை பேரும் அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். மாடிப்படியில் அவர்கள் பேச்சுக் குரல் கேட்டது. ஒருத்தி ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள்; பூஜைக்கு என்ன வாங்குவது என்று பேசியிருப்பார்கள். நான் கதவைத் திறக்கவில்லை. சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். என் கணவர்தான் வெளியே போய், டப்பா நேற்றே போய்விட்டது என்று சொன்னார். சத்தம் போடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் போடவில்லை. நாற்பத்தொன்றாம் வரிசைக்காரியின் குரல் மட்டும் கேட்டது. "நேத்து எனக்கு சத்தியம் பண்ணிக் குடுத்தாங்களே." பிறகு செருப்புச் சத்தங்கள் இறங்கிப் போயின.

அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. தொழிலாளர் அதிகாரிக்கு ஒரு மனு எழுதினேன். மூன்று தரம் எழுதி மூன்று தரம் கிழித்தேன். சமாஜத்தில் பெரியவர்கள் இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவர், வெளி வியாபாரத்தை இங்கே கொண்டுவராதே என்றார். இன்னொருவர், கோயிலுக்கு அவர் செய்வதை யாராவது செய்ய முடியுமா என்று என்னையே கேட்டார். பேசிக்கொண்டே எனக்குக் கல்கண்டு கொடுத்தார்.

என் தொழில் நிற்கவில்லை. அந்த மிட்டாய்க் கடைக்காரரே பிறகு வந்தார். இப்போது ஒன்பது இடங்களுக்குச் சம்பளப் பட்டியல் போடுகிறேன். ஒரு வழக்கம் மட்டும் வைத்திருக்கிறேன். சம்பளம் ஏறிய மறுநாள் ஒவ்வொரு பட்டியலிலும் மூன்று பேருக்குப் போன் செய்து, கையில் எவ்வளவு வந்தது, கார்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்பேன். சொந்த எண் இல்லாதவரைப் பட்டியலில் ஏற்ற மாட்டேன். இது பிடிக்காமல் இரண்டு முதலாளிகள் விலகிப் போனார்கள். போகட்டும். பூஜை அறையில் இப்போது சாமியைத் தவிர எதுவும் இல்லை. ஆனாலும் விளக்கேற்றும்போது கை ஒரு நிமிஷம் தயங்குகிறது. யாருடைய காசில் வாங்கின எண்ணெய் என்று கேட்டுக்கொண்டா ஏற்ற முடியும்?

பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்று, அந்தச் சமாஜம் வழியாகவே. அதனால் போகாமல் இருக்க முடியவில்லை. இந்த வருஷம் ராமநவமிக்கும் போனேன். மாமா இன்னும் செயலாளர்தான். வரிசையில் நின்றவர்களுக்குத் தம் கையால் வடைப்பருப்பும் பானகமும் கொடுத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும், "சௌக்கியமா?" என்று அதே மெல்லிய குரலில் கேட்டார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பழக்கமில்லை. கையை நீட்டினேன். வாயில் போட்டுக்கொண்டேன். உப்பு, காரம், தேங்காய் எல்லாம் சரியாக, ருசியாகவே இருந்தது. அதுதான் எனக்குச் சகிக்கவில்லை.

கை அலம்பக் கொல்லைப்புறம் போனேன். குழாயடியில் இரண்டு பெண்கள் அண்டாவுக்குள் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் கம்பெனி நீலப் புடவை. உத்சவ வேலைக்குக் கூலி கிடையாது, சேவை என்று சொல்லி அனுப்பிவிடுவார். பின்னால் போய் நின்று, பெங்காலியில் கேட்டேன். "சம்பளம் எவ்வளவு கையில வருது? கார்டு யார்கிட்ட இருக்கு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதானவள் முழங்கையால் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். பதினொரு பேரில் ஒருத்தியாக இருந்திருப்பாள்.

"உங்ககிட்டதானே தீதீ இருந்துச்சு?" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததைத் தெரிவிப்பது போலச் சொன்னாள். நான் பையைத் துழாவிப் பேனாவும் ஒரு பழைய பில்லும் எடுத்தேன். திங்கட்கிழமை தொழிலாளர் அதிகாரியின் ஆபீஸுக்கு நானே வருகிறேன், மனுவில் என் கையெழுத்தை முதலில் போடுகிறேன், உங்கள் பெயரும் வீட்டுப் போன் நம்பரும் சொல்லுங்கள் என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

இளையவள் சிரித்துவிட்டாள். "மறுபடியும் லிஸ்ட்டா?"

உள்ளே மங்களம் பாடி முடித்து எல்லாரும் கும்பிடும் சத்தம் கேட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன். வயதானவள் அண்டாவைத் திருப்பிப் போட்டு, சாம்பலைத் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். நாலு தேய்ப்புக்குப் பிறகு, தலை நிமிராமல், தன் பெயரைச் சொன்னாள். நம்பரைச் சொல்லவில்லை.